ஆங்கில உரையாடல் வகுப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலத்தில் வந்த கடிதத்தைப் படித்துப் புரிந்துகொள்ள முடிகிறது, விண்ணப்பம் எழுத முடிகிறது, ஆனால் எதிரே ஒருவர் நின்று பேசினால் வாய் திறக்க முடியவில்லை என்று சொல்பவர்கள் நம்மிடையே மிகப் பலர். அவர்களுக்காகக் கிளை நூலகத்தின் வாசிப்பறையிலும், விடுமுறை நாளில் பள்ளி வகுப்பறையிலும், சில ஊர்களில் ஒருவர் வீட்டு மாடியிலும் கூடி ஆங்கிலத்திலேயே பேசிப் பழகும் முறைசாரா வகுப்புகள் நடைபெறுகின்றன. அத்தகைய வகுப்பு ஒன்றை ஒருங்கிணைத்து வருபவன் என்ற முறையில், சேர விரும்புவோரும் சேர்ந்தோரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன்.

கட்டணம் வாங்கி நடத்தும் ‘ஸ்போக்கன் இங்கிலீஷ்’ பயிற்சியிலிருந்து இது எவ்வாறு வேறுபடுகிறது?

பயிற்சி நிலையங்களில் பெரும்பாலும் ஆசிரியர் கரும்பலகை முன் நின்று டென்ஸ் அட்டவணையை விளக்குவார், மாணவர்கள் எழுதிக்கொள்வார்கள், பிறகு சில வாக்கியங்களை மனப்பாடம் செய்து ஒப்பிப்பார்கள். உரையாடல் வகுப்பில் பாடநூல் இல்லை, தேர்வு இல்லை, சான்றிதழும் இல்லை. வந்தவர்கள் இருவர் இருவராக எதிரெதிரே அமர்ந்து, உண்மையிலேயே சொல்ல ஏதேனும் உள்ள ஒரு செய்தியை ஆங்கிலத்தில் சொல்கிறார்கள். கேட்பவர் புரியாததைக் கேட்டுத் தெளிகிறார். ஒருங்கிணைப்பாளர் நேரத்தைப் பார்த்துக்கொள்வார், இடையில் தேவைப்படும் சொல்லை எடுத்துக் கொடுப்பார், அவ்வளவுதான். ஒரு வகுப்பு நல்லதா இல்லையா என்று அறிய எனக்குத் தெரிந்த அளவுகோல் ஒன்றே: அன்று நீங்கள் எத்தனை நிமிடம் பேசினீர்கள்?

முதல் வகுப்பிலிருந்து ஆங்கிலம் படித்தும் பேச வராதது ஏன்?

நம் பள்ளிகளில் ஆங்கிலம் முதல் வகுப்பிலேயே தொடங்கிவிடுகிறது. ஆயினும் பொதுத்தேர்வில் அதற்கான மதிப்பெண்ணின் பெரும்பகுதி எழுத்துத் தேர்வுக்கே உரியது. எது தேர்வில் வருகிறதோ அதையே ஆசிரியரும் மாணவரும் பயில்கிறார்கள். நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஒவ்வொருவரையும் பேசவைக்க ஆசிரியர் விரும்பினாலும் பாடவேளை இடம் கொடுப்பதில்லை. பன்னிரண்டு ஆண்டுகளில் ஒரு மாணவர் சொந்தமாக ஆங்கிலத்தில் பேசிய நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் சில மணி நேரம்கூடத் தேறாது. பேச வராதது அவருடைய அறிவுக் குறை என்று சொல்வது பெரும் அநீதி. அவருக்கு அந்தப் பயிற்சி தரப்படவே இல்லை.

நிறையக் கேட்டாலும் படித்தாலும் பேச்சு தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கையும் உண்டு. கனடாவில் பிரெஞ்சு மொழி வழியாகவே பாடங்களைப் படித்த, ஆங்கிலம் தாய்மொழியான பிள்ளைகளை மெரில் ஸ்வெய்ன் என்ற ஆய்வாளர் ஆராய்ந்து 1985-இல் எழுதியதில் இதற்கு விடை இருக்கிறது. பல ஆண்டுகள் பிரெஞ்சிலேயே பாடம் கேட்ட அந்தப் பிள்ளைகள் கேட்டுப் புரிந்துகொள்வதில் பிரெஞ்சைத் தாய்மொழியாகக் கொண்டவர்களை ஏறத்தாழ எட்டிப்பிடித்திருந்தார்கள். பேச்சிலோ தெளிவாகப் பின்தங்கியிருந்தார்கள். தாமே வாக்கியம் அமைத்துச் சொல்ல வேண்டிய கட்டாயம் அவர்களுக்குப் போதிய அளவு நேரவில்லை என்பது ஸ்வெய்னின் விளக்கம். புரிந்துகொள்ளும்போது முக்கியமான சொற்களை வைத்துப் பொருளை ஊகித்துவிடலாம். சொல்லும்போது ஒவ்வொரு சொல்லையும் அதனதன் வடிவத்தில், அதனதன் இடத்தில் நாமே வைத்தாக வேண்டும். இவை இரண்டும் வெவ்வேறு திறன்கள்.

இலக்கணத்தை முழுவதும் கற்ற பிறகு வந்தால் நன்றாக இருக்குமே?

இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுச் சென்றவர்களில் பெரும்பாலோர் திரும்பி வருவதில்லை, ஏனெனில் ‘முழுவதும் கற்ற’ நாள் என்று ஒன்று வருவதில்லை. நிகழ்காலம், இறந்தகாலம், எதிர்காலம் ஆகியவற்றில் எளிய வாக்கியம் அமைக்கத் தெரிந்தால் போதும், வந்துவிடலாம். எழுத்துக்கூட்டி வாசிக்கவே இயலாத தொடக்கநிலையில் இருப்பவர்களுக்கு மட்டும், முதலில் ஓர் ஆசிரியரிடம் சில மாதம் அடிப்படையைக் கற்றுக்கொள்ளும்படி சொல்கிறேன். இந்த வகுப்பில் அவர்களுக்குக் கிடைப்பது குறைவு, மனச்சோர்வு மிகுதி.

எத்தனை சொற்கள் தெரிந்திருக்க வேண்டும்?

வங்காளத்தில் ஆங்கிலம் கற்பித்தவரான மைக்கேல் வெஸ்ட் 1953-இல் வெளியிட்ட அடிப்படைச் சொற்பட்டியலில் ஏறத்தாழ 2000 சொற்களே உள்ளன. அன்றாடப் பேச்சின் மிகப் பெரும்பகுதி இவ்வளவுக்குள் அடங்கிவிடும். பள்ளிப்படிப்பை முடித்தவர்களுக்கு இவற்றில் பல கண்ணுக்குத் தெரிந்தவை, நாவுக்குத்தான் பழகவில்லை. ஆகவே அரிய சொற்களைத் தேடி அகராதியைப் புரட்டுவதைவிட, தெரிந்த சொற்களைச் சுற்றி வளைத்தேனும் பயன்படுத்தப் பழகுங்கள். ‘இடுக்கி’ என்பதற்கு ஆங்கிலச் சொல் தெரியாவிட்டால், ‘அடுப்பிலிருந்து சூடான பாத்திரத்தை இறக்க உதவும் பொருள்’ என்று எளிய ஆங்கிலத்தில் சொல்லிவிடலாம். கேட்பவருக்குப் புரிந்துவிடும், பேச்சும் நிற்காது.

வகுப்பில் எத்தனை பேர் இருக்கலாம்?

எட்டு முதல் பன்னிரண்டு பேர் வரை இருந்தால் நன்று. ஆயினும் எண்ணிக்கையைவிட அமர்த்தும் முறைதான் முக்கியம். 90 நிமிட வகுப்பில் 30 பேர் வட்டமாக அமர்ந்து ஒருவர்பின் ஒருவராகப் பேசினால் ஆளுக்கு 3 நிமிடம். மற்ற 87 நிமிடமும் தன் முறை எப்போது வருமோ என்ற பதற்றத்தில் கழியும். அதே 30 பேரை 15 இணைகளாகப் பிரித்துவிட்டால் ஆளுக்கு ஏறத்தாழ 45 நிமிடம் கிடைக்கும். அறையில் இரைச்சல் இருக்கும், இருக்கட்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசும்போது உங்கள் பேச்சை உங்கள் இணையைத் தவிர வேறு யாரும் கேட்பதில்லை என்பதே பலருக்குப் பெரிய விடுதலை.

ஒரு வகுப்பு எப்படி நடக்கும்?

முதல் பத்து நிமிடம் நலம் விசாரிப்பும் அந்த வாரச் செய்தியும். அடுத்து அன்றைய தலைப்பைச் சொல்லி, ஐந்து நிமிடம் அமைதியாகச் சிந்திக்க விடுகிறோம். குறிப்புச் சொற்களை எழுதிக்கொள்ளலாம், முழு வாக்கியங்களை எழுதக் கூடாது. எழுதினால் அது வாசிப்பாகிவிடும்.

அதன்பின் வருவதே வகுப்பின் உயிரான பகுதி. ஆங்கிலக் கற்பித்தலில் ‘நான்கு-மூன்று-இரண்டு’ என்று அறியப்படும் பயிற்சி அது. கீத் மாரிஸ் என்பவர் 1983-இல் விளக்கியது, நியூசிலாந்தின் பால் நேஷன் பின்னர் ஆராய்ந்து பரப்பியது. நீங்கள் ஒரு செய்தியை உங்கள் இணைக்கு நான்கு நிமிடத்தில் சொல்கிறீர்கள். பிறகு இடம் மாறி, அதே செய்தியை வேறொருவருக்கு மூன்று நிமிடத்தில் சொல்கிறீர்கள். மூன்றாவதாக இன்னொருவருக்கு இரண்டே நிமிடத்தில். கேட்பவர் குறுக்கிடக் கூடாது. ஒவ்வொரு முறையும் கேட்பவர் புதியவர் என்பதால் திரும்பச் சொல்வதில் சலிப்பு இல்லை; சொல்ல வேண்டியது எது என்ற தேடல் முதல் முறையிலேயே முடிந்துவிடுவதால், அடுத்த முறைகளில் மனம் முழுவதும் எப்படிச் சொல்வது என்பதில் நிற்கிறது. வேகம் கூடுவதும் தடுமாற்றம் குறைவதும் நேஷனின் ஆய்வில் தெரிந்தது மட்டுமன்று, அறையில் அமர்ந்திருந்தால் காதாலேயே உணரலாம். நான்கு நிமிடத்தில் முடிக்கத் திணறியவர் இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டு வியந்து நிற்பதை ஒவ்வொரு வாரமும் பார்க்கிறேன். வகுப்பில் வேறு எதுவும் செய்ய நேரமில்லாவிட்டாலும் இதை மட்டும் கைவிட மாட்டேன்.

இறுதிப் பகுதியில் இருவரில் ஒருவரிடம் மட்டும் இருக்கும் தகவலை மற்றவர் கேட்டுப் பெறும் பயிற்சி: ஒருவர் கையில் பேருந்து நேர அட்டவணை, மற்றவர் பயணி, ஒருவர் மருந்துக் கடைக்காரர், மற்றவர் வாங்க வந்தவர். கேள்வி கேட்பதே நம்மவர்களுக்குப் பேசுவதைவிடக் கடினம் என்பதால் இதற்குத் தனியாக நேரம் ஒதுக்குகிறோம்.

எதைப் பற்றிப் பேச வேண்டும்?

உங்களுக்கு நன்றாகத் தெரிந்ததைப் பற்றி. ‘கைபேசி நன்மையா தீமையா’ போன்ற பட்டிமன்றத் தலைப்புகளை நான் தவிர்க்கிறேன். அவற்றில் எல்லோரும் ஒரே ஐந்து வாக்கியங்களைத்தான் சொல்வார்கள். மாறாக, தறி ஓட்டுபவர் பாவு பிணைப்பதை விளக்கட்டும். செவிலியர் ஓர் இரவுப் பணியை விவரிக்கட்டும். ரசம் வைக்கும் முறையை ஒருவரும், ரேஷன் அட்டையில் பெயர் சேர்த்த கதையை மற்றொருவரும் சொல்லட்டும். கேட்பவருக்கு அது புதிய செய்தி, சொல்பவருக்கோ பழகிய செய்தி. இவ்விரண்டும் சேர்ந்தால்தான் உரையாடல் உண்மையாகிறது. சாதி, கட்சி அரசியல், ஒருவரின் சம்பளம், திருமணம் ஆகாத காரணம் ஆகியவை எங்கள் வகுப்பில் தலைப்பாக வருவதில்லை.

வகுப்பில் தமிழ் பேசினால் தவறா?

தவறில்லை. தமிழ் பேசினால் ஒரு ரூபாய் அபராதம் என்ற பழக்கம் சில இடங்களில் உண்டு. அது எனக்கு ஏற்புடையதன்று. தாய்மொழியைக் குற்றமாக்கிக் கற்பிக்கும் எந்த மொழியும் மனத்தில் ஒட்டாது. ஒரு சொல் தெரியவில்லையென்றால் அந்த இடத்தில் தமிழ்ச் சொல்லைப் போட்டு வாக்கியத்தை ஆங்கிலத்திலேயே முடியுங்கள். பிறகு இணையிடம் கேட்டுக்கொள்ளலாம். தமிழிலேயே முழு உரையாடலும் போய்விட்டால் ஒருங்கிணைப்பாளர் நினைவூட்டுவார்.

இதோடு, சிக்கிக்கொள்ளும்போது கைகொடுக்கும் சில ஆங்கிலத் தொடர்களை முதல் நாளிலேயே கற்றுக்கொடுக்கிறோம்: ‘குட் யூ சே தட் அகெய்ன்?’, ‘வாட் ஐ மீன் இஸ்…’, ‘லெட் மீ திங்க்’. இவை நாவில் இருந்தால் மௌனம் குறையும்.

‘ஐ… ஐ…’ என்று தொடங்கி அங்கேயே நின்றுவிடுகிறேன். என்ன செய்வது?

தமிழில் வினைச்சொல் வாக்கியத்தின் இறுதியில் வருகிறது. ‘நான் நேற்று மாலை தங்கையுடன் சந்தைக்கு’ என்று சொல்லிக்கொண்டே வந்து, என்ன செய்தேன் என்பதைக் கடைசியில் முடிவு செய்ய நமக்கு நேரம் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுவாய் முடிந்த கணமே வினை வந்தாக வேண்டும். காலத்தையும் அங்கேயே முடிவு செய்தாக வேண்டும். தமிழில் வாக்கியத்தை அமைத்துப் பிறகு மொழிபெயர்ப்பவர் அந்த இடத்தில்தான் சிக்குகிறார். எழுவாயும் வினையும் இணைந்த தொடர்களை ஒரே துண்டாகப் பழகுவதே இதற்கு வழி: ‘ஐ வென்ட் டு’, ‘ஐ யூஸ்ட் டு’, ‘ஐ வாஸ் அபௌட் டு’, ‘ஐ ஹாவ் நெவர்’. ஒவ்வொன்றையும் வைத்து உங்கள் வாழ்க்கையிலிருந்து பத்து உண்மை வாக்கியங்கள் சொல்லிப் பாருங்கள். தொடக்கம் தடையின்றி வந்தால் மீதி பின்தொடரும்.

தவறுகளை யார் திருத்துவார்கள்?

பேசும்போது யாரும் திருத்துவதில்லை. ஒவ்வொரு வாக்கியத்திலும் நிறுத்தித் திருத்தினால் சொல்ல வந்ததே மறந்துபோகும். ஒருங்கிணைப்பாளர் இணைகளிடையே நடந்து, பலரிடமும் கேட்ட நான்கைந்து தவறுகளைக் குறித்துக்கொண்டு, இறுதியில் யார் சொன்னது என்று கூறாமல் பலகையில் எழுதுவார். சரியான வடிவத்தை வந்தவர்களே கண்டுபிடிக்க வேண்டும்.

இவ்வாறு செய்ய ஒரு காரணம் உண்டு. மாணவர் தவறாகச் சொன்னதை ஆசிரியர் இயல்பாகத் திருத்திச் சொல்லிவிட்டு மேலே செல்வது எல்லா நாட்டிலும் உள்ள வழக்கம். கனடாவின் மாண்ட்ரியால் பகுதிப் பள்ளிகளில் ராய் லிஸ்டரும் லைலா ரன்டாவும் செய்து 1997-இல் வெளியிட்ட ஆய்வில், ஆசிரியர்களின் திருத்தங்களில் பாதிக்கும் மேற்பட்டவை இவ்வகையாகவே இருந்தன. ஆனால் மாணவர்கள் மிகக் குறைவாகக் கவனித்ததும் இவற்றைத்தான். தானே திருத்தும்படி தூண்டப்பட்டபோது அவர்கள் நன்றாக ஈடுகொடுத்தார்கள்.

பலகையில் அடிக்கடி ஏறும் தவறுகள் சில: ‘ஐ ஆம் ஹேவிங் டூ சில்ட்ரன்’, ‘டிட் யூ வென்ட்?’, ‘வாட் யூ ஆர் டூயிங்?’, ‘டிஸ்கஸ் அபௌட்’. மூன்றாவதற்குக் காரணம் வெளிப்படை. தமிழில் கேள்வி கேட்கச் சொற்களை இடம் மாற்ற வேண்டியதில்லை, ஆங்கிலத்தில் மாற்ற வேண்டும்.

உச்சரிப்பு சரியில்லை. ஆங்கிலேயரைப் போலப் பேச வேண்டுமா?

வேண்டாம். புரியும்படி பேசினால் போதும். நம் ஊர்ச் சாயல் இருப்பதில் குறையொன்றும் இல்லை. ஆனால் புரிதலைக் கெடுக்கும் சிலவற்றைக் கவனித்தாக வேண்டும்.

தமிழெழுத்தில் எழுதிவைத்து ஆங்கிலம் கற்பதே முதல் சிக்கல். மாத்திரையைக் குறிக்கும் ‘பில்’லும் கடைச்சீட்டைக் குறிக்கும் ‘பில்’லும் தமிழில் ஒரே எழுத்து, ஆங்கிலத்தில் முதல் ஒலியே வேறு. இந்த வேறுபாட்டைக் காதால் கேட்டுத்தான் கற்க முடியும். அடுத்து, சொல்லின் தொடக்கத்திலும் முடிவிலும் நாம் சேர்க்கும் ஒலிகள்: ‘யெக்ஸாம்’, ‘வொன்லி’, ‘இஸ்கூல்’, ‘பஸ்ஸு’, ‘புக்கு’. இவற்றைப் பதிவு செய்து கேட்டாலே பலர் சில வாரங்களில் திருத்திக்கொள்கிறார்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது அழுத்தம். தமிழில் அசைகளை ஏறத்தாழ ஒரே அளவில் ஒலிக்கிறோம். ஆங்கிலத்தில் ஓர் அசை ஓங்கி, மற்றவை தேய்ந்து ஒலிக்கும். ‘ஹோட்டல்’, ‘டெவலப்’, ‘ஈவென்ட்’ ஆகியவற்றில் அழுத்தம் இரண்டாம் அசையில். நாமோ முதல் அசையில் வைக்கிறோம். ‘வெஜிடபிள்’ என்பதை அவர்கள் ‘வெஜ்டபிள்’ என்று மூன்றே அசைகளில் சொல்கிறார்கள். வேகமான ஆங்கிலம் நமக்குப் புரியாததற்கும் இந்தத் தேய்வுதான் பெரும்பாலும் காரணம். ஆகவே புதிய சொல்லைக் கற்கும்போது பொருளோடு அழுத்தம் விழும் அசையையும் கோடிட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

கூச்சமாக இருக்கிறது. கேலி செய்வார்களோ என்று அஞ்சுகிறேன்.

இந்த அச்சம் உங்களுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் டெக்சாஸில் எலைன் ஹார்விட்ஸும் உடன் ஆய்வாளர்களும் 1986-இல் இதை மொழி வகுப்புக்கே உரிய தனிவகைப் பதற்றமாக விளக்கி, அதை அளக்க 33 கூற்றுகள் கொண்ட வினாநிரலை அமைத்தார்கள். தன் மொழியில் தெளிவாகச் சிந்திக்கும் ஒரு பெரியவர், பிறமொழியில் பேசும்போது குழந்தையைப் போலத் தோன்ற நேர்கிறது. தன்னைப் பற்றிய மதிப்பே அங்கே அசைகிறது.

நம் ஊரில் இதற்கு இருபக்கமும் இடி. தவறாகப் பேசினால் சிரிப்பார்கள். சரியாகப் பேசினால் ‘பீட்டர் விடுகிறான்’ என்பார்கள். இந்தக் கேலி எத்தனை இளைஞர்களின் வாயை அடைத்திருக்கிறது என்பதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. எங்கள் வகுப்பில் அறையில் நடந்ததை வெளியே சொல்லிச் சிரிப்பவருக்கு மறுபடி இடமில்லை. இதில் நாங்கள் விட்டுக்கொடுப்பதில்லை. முதல் இரண்டு வாரம் வெறுமனே கேட்டுக்கொண்டிருக்கவும் அனுமதிக்கிறோம்.

நாற்பது வயதைக் கடந்தவர்களும் இல்லத்தரசிகளும் சேரலாமா?

தாராளமாக. சொல்ல அவர்களிடம் நிறைய இருக்கிறது. கல்லூரி மாணவர்களுக்கு அவர்கள் மிக நல்ல இணை. பிள்ளையின் பள்ளியில் ஆசிரியரிடம் நேராகப் பேச வேண்டும் என்பதற்காக வரும் தாய்மார்களின் முன்னேற்றம் பலமுறை மற்றவர்களைவிட விரைவாக இருப்பதைக் காண்கிறேன். வகுப்பு நேரத்தை அவர்களுக்கு ஏற்றபடி மாலை ஐந்துக்கு முன் முடித்துவிடுவது ஒருங்கிணைப்பாளரின் கடமை.

எவ்வளவு காலம் ஆகும்?

‘முப்பதே நாளில் ஆங்கிலம்’ என்ற விளம்பரங்களை நம்ப வேண்டாம். ஐரோப்பிய மன்றம் 2001-இல் வெளியிட்ட மொழித்திறன் சட்டகத்தில் ஆறு படிநிலைகள் உண்டு. தொடக்கத்திலிருந்து மூன்றாவது படியை அடைய 350 முதல் 400 மணி நேரமும், நான்காவது படியை அடைய 500 முதல் 600 மணி நேரமும் வழிகாட்டலுடன் கற்க வேண்டியிருக்கும் என்பது கேம்பிரிட்ஜ் தேர்வு அமைப்பின் மதிப்பீடு. வாரம் ஒருமுறை 90 நிமிடம் என்றால் ஓர் ஆண்டில் 78 மணி நேரம்தான் ஆகிறது. பள்ளியில் கற்றது உங்களுக்குள் இருப்பதால் நீங்கள் தொடக்கத்திலிருந்து தொடங்கவில்லை. ஆயினும் வகுப்பு மட்டும் போதாது என்பதை இந்தக் கணக்கே காட்டும்.

வீட்டில் ஆங்கிலம் பேச ஆளில்லையே. மற்ற நாள்களில் என்ன செய்வது?

வகுப்பு இணையோடு நாளும் பத்து நிமிடம் தொலைபேசியில் பேசுங்கள். இதைவிடப் பயனுள்ளது எனக்குத் தெரியவில்லை. அடுத்து, பிபிசி வழங்கும் ‘சிக்ஸ் மினிட் இங்கிலீஷ்’ போன்ற சிறு ஒலிநிகழ்ச்சியைக் கேட்டு, பேசுபவரின் குரலை ஒட்டியே ஒரு கணம் பின்னால் நீங்களும் சொல்லிச் செல்லுங்கள். அன்று நடந்ததை இரண்டு நிமிடம் கைபேசியில் பதிவு செய்து, மறுநாள் கேட்டு, மீண்டும் சொல்லிப் பதிவு செய்யுங்கள்.

கைபேசிச் செயலியோடும் செயற்கை நுண்ணறிவோடும் பேசினால் போதாதா?

மிகுந்த கூச்சம் உள்ளவர்களுக்கு அது நல்ல ஒத்திகை. ஆனால் செயலி பொறுமையாகக் காத்திருக்கும், தெளிவாகப் பேசும், தலைப்பை உங்கள் விருப்பத்துக்கு விட்டுவிடும். அலுவலகத்தில் அழைப்பவர் இவற்றில் ஒன்றையும் செய்ய மாட்டார். குறுக்கிடும், வேறு சாயலில் பேசும், முகம் சுளிக்கும் மனிதரோடும் பழக வேண்டும்.

ஐஈஎல்டிஎஸ் தேர்வுக்கும் வேலை நேர்காணலுக்கும் இது உதவுமா?

உதவும், ஒரு வரம்புக்குள். ஐஈஎல்டிஎஸ் என்பது வெளிநாட்டில் படிக்கவும் குடியேறவும் கேட்கப்படும் ஆங்கிலத் தேர்வு. அதன் பேச்சுத் தேர்வு தேர்வாளரோடு 11 முதல் 14 நிமிடம் நடக்கும் உரையாடல். அதன் நடுப்பகுதியில் ஒரு நிமிடம் தயாராகி இரண்டு நிமிடம் வரை தனியாகப் பேச வேண்டும். எங்கள் நான்கு-மூன்று-இரண்டு பயிற்சி அதற்கு நேரான தயாரிப்பு. சரளம், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு ஆகிய நான்கும் அங்கே சம அளவில் மதிப்பிடப்படுவதால் சரளம் மட்டும் போதாது. தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது தனிப்பயிற்சியும் எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊரில் இத்தகைய வகுப்பு இல்லை. நாங்களே தொடங்கலாமா?

நான்கு பேர் இருந்தால் தொடங்கலாம். ஆங்கிலத்தில் வல்லவர் ஒருவர் இருந்தாக வேண்டும் என்பதில்லை. நூலகரிடம் கேட்டால் வாசகர் குறைவாக உள்ள வேளையில் ஓர் அறை கிடைக்கக்கூடும். இல்லையேல் பள்ளித் தலைமையாசிரியரை அணுகுங்கள். ஓட்டல் மேசை வேண்டாம், அங்கே எழுந்து இடம் மாற முடியாது.

இரண்டு மாதம் கழித்து வருகை குறைந்துவிடுகிறது. எப்படிச் சமாளிப்பது?

எல்லா ஊரிலும் இது நேர்கிறது. நாளையும் நேரத்தையும் ஒருபோதும் மாற்றாதீர்கள். மூவரே வந்தாலும் நடத்துங்கள். ஒவ்வொரு வாரமும் தலைப்பைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை வேறொருவரிடம் கொடுங்கள். முதல் நாளில் ஒவ்வொருவரின் இரண்டு நிமிடப் பேச்சையும் அவரவர் கைபேசியிலேயே பதிவு செய்யச் சொல்லி, எட்டாவது வாரம் அதே தலைப்பில் மறுபடி பதிவு செய்து இரண்டையும் கேட்கச் சொல்லுங்கள். வராமல் போனவரை அவருடைய இணை மறுநாளே அழைத்துப் பேசட்டும், ஆங்கிலத்தில்.